ஒரே நொடியில் வந்தவர்கள்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்த பிறகு கடைசியாக எட்டிப்பார்க்கும் ஊர்களில் ஒன்று கீழப்பெருவயல். செவ்வந்தி அங்கே பிறந்தபோது அவள் அப்பா முருகையன் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவள் தத்தித்தத்தி நடக்கத் தொடங்கியபோது அவர் திருச்சி சிறையில் இருந்தார். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதற்காக வந்த வழக்கு அது. அந்த வருஷங்களில் தஞ்சை ஜில்லா முழுக்க அப்படித்தான் இருந்தது. உள்ளூர் ஆட்கள் அறுவடைக்கு இறங்க மறுத்தால் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவருவார்கள். லாரிக்குப் பின்னால் போலீஸ் வேன் வரும்.

சென்னையில் புதிய ஆட்சி வந்து, கூலியைச் சட்டமாக நிர்ணயித்து, குடியிருந்த மனையைக் குடியிருந்தவர்களுக்கே எழுதிக்கொடுத்தது. பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் ஒன்றேகால் ஏக்கர் முருகையன் பெயருக்கு வந்தது. பேருக்குத்தான் வந்தது. பண்ணையார் கோர்ட்டில் தடை வாங்கினார். வருஷா வருஷம் நிலக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்துக் கொடுத்து, பட்டா கைக்கு வரும்போது முருகையன் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பட்டாவை வாங்கப் போனது மூத்தவன் வீரையன். தங்கையைவிட எட்டு வயது பெரியவன். அப்பா சிறைக்குப் போன வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாற்றுக்கட்டு சுமக்கப் போனவன். தாசில்தார் அலுவலகத்திலிருந்து நேராக வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டு, பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வந்தான் என்று அம்மா அம்சம் சொல்வாள்.

செவ்வந்தி அரசு விடுதிகளில் தங்கிப் படித்தாள். கும்பகோணத்தில் கணிதம், பிறகு திருச்சியில் கணினிப் பயன்பாட்டில் பட்டமேல்படிப்பு. எண்பதுகளின் கடைசியில் தஞ்சாவூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் புரோகிராமராகச் சேர்ந்தாள். திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதும் இல்லை.

கல்லூரியில் அவள் பொறுப்பில் விடப்பட்டது சிமுலேஷன் ஆய்வகம். ஒரு அரிசி ஆலையையோ துறைமுகத்தையோ கணினிக்குள் நடத்திப் பார்க்கும் வேலை அது. ஆலைக்கு நெல் வண்டி வருகிறது, காலியான தொட்டி இருந்தால் நெல் ஊறப் போகிறது, இல்லையென்றால் வண்டி நிற்கிறது. எத்தனை தொட்டி கட்டினால் எவ்வளவு நேரம் வண்டி நிற்கும் என்பதைத் தொட்டி கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். இதைக் கணினியில் செய்யும்போது கடிகாரம் நொடி நொடியாக ஓடாது. ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவும். எட்டு மணிக்கு ஒரு வண்டி வருகிறது, அதற்குப் பிறகு ஏதாவது நடப்பது எட்டே முக்காலுக்கு என்றால், நடுவிலுள்ள முக்கால் மணி நேரம் கணினிக்கு இல்லவே இல்லை. வரப்போகும் நிகழ்ச்சிகளை நேரப்படி அடுக்கிவைத்துக்கொண்டு, முன்னால் இருப்பதை எடுத்து நடத்திவிட்டு, அடுத்ததற்குப் போகும்.

ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்கள் அந்தக் கடிகாரத்தையும் அந்த அடுக்கையும் புதிதாக எழுதினார்கள். புதிதாகத் தப்பும் செய்தார்கள். ஆலையைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரமெல்லாம் கடிகாரத்தைப் பழுதுபார்ப்பதில் போனது. எல்லாருக்கும் பொதுவான அந்தப் பகுதிகளை ஒரே ஒரு முறை ஒழுங்காக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்தால் என்ன என்று செவ்வந்திக்குத் தோன்றியது. மென்பொருள்காரர்கள் அப்படிப்பட்ட தொகுப்பை லைப்ரரி என்பார்கள். மகள் லைப்ரரி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அம்சம் ஊரில் சொல்லிவைக்க, ஒருவர் தன் பையனுக்குப் பத்தாம் வகுப்பு கைடு கேட்டு அனுப்பினார்.

லைப்ரரிக்கு அவள் வைத்த பெயர் 'முறை'. அதை எழுத அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. எழுதியதைவிட நீக்கியதில்தான் அதிக நாள் போனது. நாற்பது கட்டளைகளோடு தொடங்கி பதினொன்றுக்குக் கொண்டுவந்தாள். ஒரு வண்டி, ஒரு வரிசை, ஒரு ஆள், ஒரு காத்திருப்பு. இவற்றைச் சொல்லத் தெரிந்தால் போதும், மீதியை லைப்ரரி பார்த்துக்கொள்ளும். பயன்படுத்துகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, நூறு கேள்வி கேட்கக் கூடாது, கேட்காமலே நல்லதைச் செய்ய வேண்டும் என்பதுதான் அவள் கொள்கை. ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் வந்து நின்றால் எதை முதலில் எடுப்பது என்ற இடமும் நடுவில் வந்தது. எது முதலில் பதிவானதோ அதை முதலில் எடு என்று எழுதிவிட்டு மேலே போனாள். உலகத்திலுள்ள மற்ற லைப்ரரிகளும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தன.

'முறை' ஃபிளாப்பியில் ஊர் ஊராகப் போயிற்று. கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலைக்கும், தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் லாரிகளுக்கும், சென்னையில் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கும் அதைக் கொண்டு கணினியில் மாதிரி போட்டார்கள். அவள் காசு வாங்கவில்லை. துறைத்தலைவர் துரைராசு மட்டும், பல்கலைக்கழகத்திலிருந்து யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு 'முறை'யை எழுதினது இவங்கதான் என்று காட்டுவார். அந்த நேரங்களில் அவளுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு சம்பா அறுவடைக்கு முன்னால், கீழப்பெருவயலில் இருந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை மூடினார்கள். அரசாங்கம் விவசாயியிடமிருந்து நேராக நெல் வாங்கும் இடம் அது. ஒரு களம், ஒரு கொட்டகை, ஒரு தராசு, அவ்வளவுதான். இனிமேல் எல்லாரும் வடுகனூர் நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். வடுகனூர் ஏழு மைல். அங்கே பெரிய களம் உண்டு, டிராக்டர் வைத்திருக்கும் பெரிய விவசாயிகளும் உண்டு.

தை மாதம் மழை பெய்யாது என்ற நம்பிக்கையில்தான் டெல்டாவில் சம்பா அறுக்கிறார்கள். அந்தத் தையில் கடலில் புயல் சின்னம் உருவாகி மழை விடாமல் அடித்தது. வடுகனூர்க் களத்தில் கொட்டகைக்குள் இருந்த நெல் பெரிய விவசாயிகளுடையது. வெளியே வானத்தைப் பார்த்துக் கிடந்த குவியல்கள் கீழப்பெருவயல்காரர்களுடையவை. வீரையன் வாடகைக்கு எடுத்த தார்ப்பாயால் தன் குவியலை மூடிக்கொண்டு அங்கேயே கிடந்தான். அவன் முறை வருவதற்குள் அடியிலிருந்த நெல் முளைவிட்டுவிட்டது. ஈரம் பார்க்கும் மெஷினை வைத்துப் பார்த்துவிட்டு எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மொத்தத்தையும் ஒரு கோழித்தீவன வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போனான்.

மாதா மாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு போனார்கள். படித்தவள் ஒருத்தி கூட இருக்கட்டும் என்று செவ்வந்தியையும் வரச்சொன்னார்கள். அவள் விடுப்புப் போட்டுவிட்டுத் திருவாரூர் போனாள். நிலையத்தை எதற்கு மூடினீர்கள் என்று வீரையன் கேட்டான். கொள்முதல் அதிகாரி பொறுமையாகவே பதில் சொன்னார். இது யாரும் இஷ்டத்துக்கு எடுத்த முடிவு இல்லை, சென்னையில் ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் கொடுத்து, கம்ப்யூட்டரில் முழு சீசனையும் நடத்திப் பார்த்திருக்கிறோம், ஒரு நிலையமே போதும், சராசரிக் காத்திருப்பு ஒரு நாளைத் தாண்டாது என்று வந்திருக்கிறது என்றார். கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் வேனில் வந்தவர்கள் எல்லாரும் செவ்வந்தியைப் பார்த்தார்கள்.

அறிக்கையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஒரு பிரதியைக் கொடுத்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றபடியே புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், பயன்படுத்திய மென்பொருள் என்ற இடத்தில் 'முறை' என்று இருந்தது. கீழே தஞ்சாவூர்க் கல்லூரியின் பெயரும் இருந்தது.

அந்த அறிக்கைக்கான கணினி மாதிரியை எழுதியவள் லத்தீஃபா என்ற இளம் பொறியாளர். கூத்தாநல்லூர்க்காரி, அப்பா மலேசியாவில் கடை வைத்திருந்தார். மாதிரியைக் காட்ட முடியுமா என்று செவ்வந்தி தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவள் உடனே ஒப்புக்கொண்டாள். விடுமுறைக்கு ஊருக்கு வரும் வழியில் தஞ்சாவூரில் இறங்கி, மாதிரியையும் தரவுகளையும் கொண்டுவந்து ஆய்வகத்தில் ஏற்றினாள். தான் செய்ததில் பிழை இருந்தால் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்றாள்.

இரண்டு பேரும் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். லத்தீஃபாவின் மாதிரியில் பிழை எதுவும் இல்லை. நிலையம் காலை எட்டு மணிக்குத் திறக்கும், அதற்கு முன்னால் வந்து காத்திருப்பவர்கள் எல்லாரையும் எட்டு மணிக்கு வந்தவர்களாகவே வைத்திருந்தாள். யார் எத்தனை மணிக்கு வந்தார் என்ற தகவல் யாரிடமும் இல்லாதபோது அதுதான் நியாயமான வழி. ஆனால் அதனால், ஒவ்வொரு நாளும் முப்பது நாற்பது விவசாயிகள் ஒரே நொடியில் வந்து வாசலில் நின்றார்கள். அவர்களில் யாரை முதலில் கூப்பிடுவது என்பதை மாதிரி சொல்லவில்லை. லைப்ரரியும் கேட்கவில்லை. முதலில் பதிவானவரை முதலில் கூப்பிட்டுவிட்டது.

முதலில் பதிவானவர் யார் என்று செவ்வந்தி பட்டியலைத் திறந்து பார்த்தாள். கிராம அலுவலகங்களிலிருந்து வந்த பட்டியல் அது. நிலப் பரப்பின்படி அடுக்கியிருந்தார்கள். பெரிய பட்டாதாரர் மேலே, ஒரு ஏக்கர்க்காரர் கீழே. அந்தக் கணினி சீசன் முழுவதிலும், ஒரு நாள் தவறாமல், பெரியவர்கள் நெல் போட்டுவிட்டுப் போன பிறகுதான் சின்னவர்கள் தராசுக்கு வந்திருக்கிறார்கள். காத்திருப்பை ஆள் கணக்கில் பார்க்காமல் மூட்டைக் கணக்கில் சராசரி பார்த்ததால், மூட்டை அதிகம் வைத்திருந்தவர் சீக்கிரம் போய்விட, சராசரி அழகாகக் குறைந்துவிட்டது. வீரையனைப் போன்றவர்களின் மூன்று நாள் நான்கு நாள் அந்தச் சராசரியில் கரைந்துபோயிருந்தது.

செவ்வந்தி பட்டியலைத் தலைகீழாக்கி ஓட்டினாள். வேறு எதையும் மாற்றவில்லை. சராசரி மூன்று மடங்கானது. குலுக்கிப்போட்டு ஓட்டியபோதும் ஒரு நிலையம் போதாது என்றே வந்தது.

"நான் இதைக் கவனிச்சிருக்கணும் மேடம்," என்றாள் லத்தீஃபா. "உங்க கையேட்டுல ஒரு வரி இருக்கு. பதிவான வரிசையில எடுக்கும்னு."

"எத்தனாவது பக்கத்துல இருக்கு?"

லத்தீஃபாவுக்கு நினைவில்லை. செவ்வந்திக்கும் நினைவில்லை.

துரைராசுவிடம் சொன்னபோது அவர் அவளுக்கு ஆதரவாகத்தான் பேசினார். லைப்ரரி சொன்னதைச் செய்தது, அதை என்ன தரவோடு ஓட்டுகிறார்கள் என்பது அவர்கள் பாடு, கத்தி செய்தவன் வெட்டுக்குப் பொறுப்பாக முடியுமா என்றார். தேவையில்லாமல் போய்த் தலையைக் கொடுக்காதீர்கள், கல்லூரியின் பெயர் வேறு அறிக்கையில் இருக்கிறது என்றும் சொன்னார்.

"அவங்க எதுவும் சொல்லலை சார். சொல்லாத இடத்துல நான் ஒரு முடிவு எடுத்து வெச்சிருந்தேன்," என்றாள் அவள். "முடிவு எடுக்கறோம்னு தெரியாமலே எடுத்துட்டேன்."

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனாள். வீரையன் கொல்லையில் முளைவிட்ட நெல்லின் கடைசிச் சாக்கை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். நிலையத்தை மூடக் காரணமான கணக்கு தான் எழுதிய லைப்ரரியில் போட்டது என்று அவனிடம் சொன்னாள். விளக்கமாகச் சொல்லத் தொடங்கினாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீயா மழையக் கொண்டாந்த? விடு."

"மழை எல்லாருக்கும்தான் பேஞ்சுது அண்ணே. யாரு நெல்லு வெளியில கெடக்கணும்ங்கறது எங்கிட்டேருந்து போயிருக்கு."

அவன் சாக்கை மடித்துக் கட்டினான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தப் பேச்சு அவர்களுக்குள் வரவில்லை. கோடையில் நிலத்தைப் பக்கத்து மனை நீலாம்பாளிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீரையன் திருப்பூருக்குப் போனான். ஒரு பனியன் கம்பெனியில் காவல் வேலை. நாற்பதைத் தாண்டிய வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் டெல்டாவை விட்டு வெளியே தங்கினான். பஸ் ஏற்றிவிடப் போன அம்சம் திரும்பி வந்து இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்குச் செவ்வந்தி தனியாகவே போனாள். ஓட்டிய மூன்று கணக்குகளையும் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கலெக்டருக்கு நேர் எதிரே நின்று, அந்த லைப்ரரியை எழுதியது தான்தான் என்றும், அதில் உள்ள ஒரு குறையால் அறிக்கையின் முடிவு தவறாகிவிட்டது என்றும், எங்கே எப்படித் தவறியது என்பதையும் சொன்னாள்.

கொள்முதல் அதிகாரி தாள்களை வாங்கிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பல வருஷம் களத்தில் நின்று நெல் வாங்கியவர்தான். நடைமுறையிலும் அப்படித்தானே நடக்கிறது, டிராக்டர் வைத்திருப்பவர்கள்தான் முதலில் போகிறார்கள், அப்படிப் பார்த்தால் உங்கள் கம்ப்யூட்டர் சொன்னது சரிதான் என்றார். யாரோ ஒருவர் சிரித்தார்.

செவ்வந்தி அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"அப்படின்னா அதை அறிக்கையில எழுதுங்க சார்," என்றாள். "பெரியவங்க முதல்ல போவாங்க, ஒரு ஏக்கர்காரங்க கடைசியில போவாங்க, அதனால ஒரு நிலையம் போதும்னு எழுதுங்க. எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க. நான் ஒண்ணும் கேக்கலை."

அதிகாரி தாள்களை மேசையில் வைத்தார். கலெக்டர் பேனாவை எடுத்து அவற்றின் ஓரத்தில் ஏதோ எழுதி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த மனுவைக் கூப்பிட்டார். எழுதியது என்ன என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

அது தெரியவருவதற்கு முன்னாலேயே, பேசியதற்கான பலன் அவளுக்கு வந்தது. ஆலோசனை நிறுவனம் கல்லூரிக்கு எழுதிக் கேட்டது. கல்லூரியின் அறக்கட்டளையில் வடுகனூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பம் ஒன்றும் இருந்தது. சிமுலேஷன் ஆய்வகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, செவ்வந்தியைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். விடைத்தாள் கட்டுகளுக்கு எண் போடும் வேலை. துரைராசு அவள் அறை வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல், தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்ததாகச் சொன்னார். அவள் நம்பினாள். லத்தீஃபா நிறுவனத்திலிருந்து தானாகவே விலகினாள். அவளுக்கு வேறு வேலை சீக்கிரம் கிடைத்தது.

சாயங்காலங்களில் வீட்டில், தன் பணத்தில் வாங்கிய கணினியில், செவ்வந்தி 'முறை'யைத் திரும்ப எழுதினாள். இப்போது ஒரே நொடியில் இரண்டு நிகழ்ச்சிகள் வந்து நின்றால் லைப்ரரி ஓடாது. நின்றுவிடும். யாருக்கு முதல் இடம் என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்று கேட்கும். வந்த வரிசையா, குறைந்த சுமைக்கு முதலிடமா, சீட்டுக் குலுக்கலா, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொல்லியாக வேண்டும். சொன்னது முடிவுகளின் முதல் வரியிலேயே அச்சாகும். நல்ல லைப்ரரி கேள்வி கேட்காது என்று பத்து வருஷம் நம்பியவளுக்கு இதை எழுதும்போது கை வரவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் சேர்ப்பதற்கு முன்னால், இதைக் கேட்காமல் விட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசித்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகாத கேள்விகளைக் கேட்காமல் விட்டாள். அந்த இரண்டையும் பிரித்துப்பார்ப்பதுதான் மொத்த வேலையும் என்று லத்தீஃபாவுக்கு ஒருமுறை எழுதினாள்.

பழைய 'முறை'யை வாங்கிப்போன ஒவ்வொருவருக்கும், முகவரி தெரிந்த வரைக்கும், குறையை விளக்கி எழுதினாள். பாதிப் பேர் பதில் போடவில்லை. கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி மாணவர் தன் ஆய்வேடு கெட்டுப்போனதாகத் தொலைபேசியில் கோபப்பட்டார். மருத்துவமனைக்கு மாதிரி போட்டவர்கள் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, குழந்தைகள் பிரிவுக்கு இன்னொரு மருத்துவர் தேவை என்று இப்போது வருவதாகச் சொன்னார்கள். அந்த மருத்துவர் நியமிக்கப்பட்டாரா என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று. புது 'முறை' தொல்லை பிடித்தது, தொட்டதற்கெல்லாம் நின்றுவிடுகிறது என்ற பேச்சும் வந்தது. பலர் வெளிநாட்டு லைப்ரரிகளுக்கு மாறிவிட்டார்கள்.

ஒரு வருஷமும் ஒரு தேர்தலும் கழிந்து, கீழப்பெருவயல் நிலையத்தைத் தற்காலிகமாகத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. ஆட்சி மாறியிருந்ததால் பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதினார்கள். கலெக்டர் அன்று எழுதியதால் திறந்ததா, புதிய எம்.எல்.ஏ.வுக்கு ஊர் போட்ட ஓட்டால் திறந்ததா என்று இரண்டு விதமாகவும் சொல்வார்கள். செவ்வந்தி இரண்டையும் மறுத்ததில்லை.

திறக்கும் முன் ஊர்க்காரர்கள் ரேஷன் கடை வாசலில் கூடினார்கள். நெல் போடும் வரிசையை எப்படி வைப்பது என்று அவளைக் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து எது சரி என்று நீயே சொல்லிவிடு என்றார்கள். எது சரி என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்றாள் அவள். நீங்கள் ஒரு வழி சொன்னால் அதில் யார் எத்தனை நாள் நிற்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு நடந்தது நல்ல சண்டை. முதலில் வந்தவருக்கு முதலில் என்றார்கள் களத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். அது எங்களுக்கு எப்படி ஆகும் என்றார்கள் ஊர்க்கோடியில் இருந்தவர்கள். குத்தகைக்காரரும் பட்டாதாரரும் ஒன்றா என்ற பழைய கேள்வி வந்தது, தெருவைச் சொல்லி ஒருவர் பேச இன்னொருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கடைசியில், இருபது மூட்டைக்குக் கீழே கொண்டுவருகிறவர்களுக்கு மூன்று டோக்கன், பெரியவர்களுக்கு ஒரு டோக்கன் என்று மாற்றி மாற்றிக் கூப்பிடுவது என முடிவானது. எல்லாருக்கும் கொஞ்சம் வருத்தம் இருந்தது. செவ்வந்தி அதை ஓட்டிப் பார்த்து, யாரும் இரண்டு நாளுக்கு மேல் நிற்க மாட்டார்கள் என்று வந்து சொன்னாள்.

அந்த மாசியில் நீலாம்பாளின் டோக்கனைக் கூப்பிட்டபோது அவள் களத்தில் இல்லை. பேரனுக்குக் காய்ச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாள். அவளுக்கு அடுத்தவர் தன் மூட்டையை ஏற்றிவிட்டார். திரும்பி வந்து அவள் போட்ட கூச்சலில் தராசு நின்றது. கூப்பிட்டபோது ஆள் இல்லையென்றால் என்ன செய்வது என்று யாரும் முன்பு யோசித்திருக்கவில்லை, செவ்வந்தியும்தான். வாரக் கடைசியில் வந்து விஷயத்தைக் கேட்டபோது, தான் ஓட்டிய கணக்கில் எல்லாரும் நாள் முழுக்கக் களத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. வீட்டில் பிள்ளைகளோ உடம்புக்கு முடியாதவர்களோ யாருக்கும் இல்லாததுபோல. நீலாம்பாளிடம் எவ்வளவு நேரத்தில் திரும்பினாள், டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார், யாரிடம் மூட்டையை ஒப்படைத்தாள் என்றெல்லாம் கேட்டாள். இதெல்லாம் எதுக்குடி கேக்குற என்று நீலாம்பாள் அலுத்துக்கொண்டாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கூப்பிட்டபோது ஆள் இல்லையென்றால் என்ன செய்வது என்றும் கேட்கும் 'முறை'யின் அடுத்த பதிப்புக்கு அதிலிருந்து ஆறு மாதம் ஆனது.

வீரையன் அந்த அறுவடைக்கு வரவில்லை. மறு பொங்கலுக்கு வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. விடிந்ததும் தனியாக வயலுக்குப் போய்விட்டு வெகு நேரம் கழித்து வந்தான். நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி அம்சம் அழுதாள். உடம்பு முன்னே மாதிரி இல்லை, அங்கேயே பழகிப்போச்சு என்றான். சாப்பிடும்போது செவ்வந்தியிடம், நிலையத்தில் இப்போது எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டான். அவள் சொன்னாள். மூணுக்கு ஒண்ணா என்று கேட்டுவிட்டு, அதை மனதுக்குள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் இருந்தான்.

"நீலாம்பா பயிரு நல்லா வெச்சிருக்கா," என்றான். "வடக்கு மூலையில மட்டும் களை எடுக்கச் சொல்லு."

மத்தியானம் மன்னார்குடி பஸ்ஸைப் பிடித்தால்தான் இரவு திருப்பூர் வண்டிக்குப் போய்ச் சேர முடியும் என்று, இலையை மடித்துவிட்டு எழுந்தான்.